மஞ்சளும் சவுக்காரமும்

காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது, துவைகல்லிலிருந்து ஆற்றுக்குள் இறங்கிய சிவப்புத் தண்ணீர்.

நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அம்மா அந்தத் துணியைப் பிழிந்து உதறுவதற்குள் மில்லின் ஆறு மணிச் சங்கு ஊதியது. பாபநாசத்துக்குக் கீழே ஆற்றோரம் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சங்கு நினைவிருக்கும். வீட்டில் கடிகாரம் வைத்திருந்தவர்களும் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆவணிக் கடைசி. தண்ணீர் தெளிந்து முழங்காலளவு ஓடியது. படித்துறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அதுவரை அம்மா விடிந்து வெகுநேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டேதான் துவைக்க வருவாள். அந்த மாதத்திலிருந்து இருட்டுப் பிரியும்போதே கிளம்பினாள். வாளி தூக்க நான் கூடப் போனேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அவள் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதில் ஒரு சவுக்காரத் துண்டும் ஒரு மஞ்சள் கிழங்கும். சோப்பை அன்று எங்கள் பக்கத்தில் சவுக்காரம் என்றுதான் சொல்வோம். பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த கையகல வெள்ளைத் துணிகளை அவள் கல்லில் விரித்தாள். மஞ்சளை நனைத்து உரசி அவற்றின் மேல் தேய்த்தாள். பிறகு சவுக்காரம் போட்டாள். துணி முழுவதும் சிவந்தது. தண்ணீர் ஊற்றியதும் சிவப்பு படியில் வழிந்து இறங்கியது. ஆறு அதை உடனே கரைத்துவிட்டது.

"ஏம்மா இப்படிச் செவப்பாப் போவுது?"

"மஞ்சளு ட்டி. சவுக்காரம் பட்டா செவக்கும்லா. வாத்தியார் மவளுக்கு இது தெரியாதாக்கும்."

"தெரியும். ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது. பைய இறங்கு, பாசி வழுக்கும்."

அவள் சொன்னதில் தவறில்லை. மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைத்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது.

அப்பா ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஊருக்கு அவர் சார்வாள். டீக்கடையில் அவர் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். எட்டாம் வகுப்பில் எனக்கும் அவர்தான் பாடம் எடுத்தார். பள்ளியின் லிட்மஸ் தாள் மழைக்காலத்தில் ஈரம் பட்டுக் கெட்டுப்போகும் என்பதால், அமிலமும் காரமும் பாடத்துக்கு வேண்டிய தாளை அவர் வீட்டிலேயே செய்தார். அம்மா அம்மியில் மஞ்சள் அரைத்துக் கொடுப்பாள். அப்பா சோதனைச்சாலையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டில் அதைக் கரைப்பார். அம்மா வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். மையொற்றும் தாளைக் கத்தரித்து அதில் தோய்த்து, பின்கட்டில் கயிறு கட்டி நிழலில் உலர்த்துவோம். காற்றடித்தால் அத்தனை தாளும் ஒரே திசையில் திரும்பும். ஸ்பிரிட்டும் மஞ்சளும் கலந்த அந்த வாசனையை நான் பிறகு எங்கேயும் முகர்ந்ததில்லை.

மஞ்சள் தாளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். அதில் எலுமிச்சம் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம், மஞ்சள் நிறங்காட்டி. அப்பா இதை வகுப்பில் செய்து காட்டும்போது வித்தைக்காரரைப் போலச் சட்டைக் கையை மடித்துக்கொள்வார்.

அந்த ஆண்டு அந்தப் பாடத்தின் முதல் நாள், கடைசி பெஞ்சிலிருந்த ஒருவனை எழுப்பினார்.

"ஏலே, காரத்துக்கு ஒரு உதாரணம் சொல்லு."

"சீனி மொளகா, சார்வாள்."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சார்வாள். நாக்குல வச்சா உச்சந்தலை வரைக்கும் ஏறுதுல்லா."

"அது அடுப்படிக் காரம்லே. நான் கேக்குதது சோதனைச்சாலைக் காரம்."

"ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சா நாங்க என்ன செய்ய, சார்வாள்?"

அப்பாவும் சிரித்துவிட்டார். "கேள்வி சரிதான்லே. ஒண்ணு செய்யி. உங்க வீட்டுல துவைக்குத கட்டிக்கு என்ன பேரு?"

"சவுக்காரம்."

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "காரம்!" என்று வகுப்பே கத்தியது. அன்று மாலை அம்மாவிடம் இதைச் சொல்லி அப்பா மறுபடி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். "மொளகா வறுத்த நெடி" என்று அங்கிருந்தே சொன்னாள். அடுப்பில் மிளகாய் வறுத்திருந்ததும் உண்மை.

எனக்கு மூத்தவள் அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆவணியில்தான் அவளுக்கு மாப்பிள்ளை முடிவானது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், பிறந்த ஊர் முக்கூடல். கல்யாணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொள்வது என்று பேசினார்கள்.

இங்கே என் அம்மா பிறந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். சயரோகத்தில், அதாவது காசநோயில் இறந்தார். அம்மாவுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. அவளுக்கு ஒரு தங்கை, என் சித்தி. அண்ணன் இறந்த பிறகு சித்திக்கு வந்த வரன்கள் தாம்பூலம் மாற்றும் வரை வந்து நின்றுபோயின. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அந்த வீட்டுப் பொண்ணா" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். சித்தி கடைசியில் இரண்டாம் தாரமாகப் போனாள், தன்னைவிட மிகவும் மூத்த ஒருவருக்கு.

அம்மா இதை அடிக்கடி சொல்லுவாள். "நெஞ்சு நோவு வந்தவனோட போவாது பாத்துக்க. வீட்டுல இருக்க பொம்பளைப் பிள்ளைய எல்லாத்தையும் தொட்டுட்டுத்தான் போவும்." அவள் சொன்னது கிருமியைப் பற்றியல்ல.

புரட்டாசியில் அம்மா வெற்றிலை போட ஆரம்பித்தாள். அதற்கு முன் விசேஷ நாட்களில் மட்டும் போடுபவள். இப்போது வாய் எப்போதும் சிவந்திருந்தது. வெற்றிலை பச்சை, பாக்குப் பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, மூன்றையும் மென்றால் சிவப்பு எப்படி வருகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். பாக்கில் உள்ள ஒரு பொருளும் சுண்ணாம்பும் வினை புரிகின்றன என்று சொன்னார். கேள்வி கேட்டதற்காக முதுகில் தட்டினார்.

அதே மாதத்தில் அவள் தனக்கென்று ஒரு பித்தளை டம்ளரை ஒதுக்கிக்கொண்டாள். அதில் வேறு யாரும் குடித்தால் கோபித்துக்கொண்டாள். இரவில் என்னைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. "சூடு தாங்கலை, அங்கன போய் அக்காகூடப் படு" என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள். ஐப்பசியில் மழை பிடித்து, போர்வை தேவைப்பட்ட நாட்களிலும் அவளுக்குச் சூடு தாங்கவில்லை. அவளுக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்தேன். அந்த மாதங்களில் வீட்டு வேலைகளை மிகவும் ஒழுங்காகச் செய்தேன்.

கார்த்திகையில் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். பருமனான உடம்பு, பெரிய மூக்குத்தி, எதையும் நின்று பார்க்கிற கண். முறுக்கும் காபியும் ஆன பிறகு கை கழுவக் கொல்லைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கொடியில் அம்மாவின் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆற்றில் எத்தனை அலசினாலும் அவற்றில் சிவப்பும் பழுப்புமாகக் கறை தங்கியிருந்தது.

"இதென்ன மதினி, இத்தனை துணி செவசெவன்னு?"

நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். அம்மா வாய் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"அதையேன் கேக்கிய மதினி. அவுக பள்ளிக்கூடத்துக்கு மஞ்சத்தாளு செய்யுதாவ. வடிகட்டுன துணி. சவுக்காரம் போட்டா இப்படித்தான் நிக்குது. எத்தனை கசக்குனாலும் போவ மாட்டேங்குது."

"மஞ்சளா இது?"

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்களேன். மதினிக்கு உங்க வித்தையக் காட்டுங்க."

அப்பா வந்தார். சட்டைக் கையை மடித்தார். அரை எலுமிச்சம்பழம் கேட்டார். அக்கா கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். அப்பா கொடியில் முதலில் தொங்கிய துணியை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா அதைத் தாண்டிப் போய், நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ தொங்கிய துணியை உருவி அவர் கையில் கொடுத்தாள். அது மற்றவற்றைப் போல இல்லை. சிவப்பு ஒரே சீராகப் படர்ந்திருந்தது. முந்தின வாரம் நிஜமாகவே மஞ்சள் வடிகட்டிய துணி அது. வடிகட்டும்போது அதன் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் நான். விளிம்பில் இருந்த நீலத் தையலை எனக்கு அடையாளம் தெரிந்தது.

அப்பா சாறு விட்டார். சிவப்பு மங்கி மஞ்சளாகப் பூத்தது.

"அட!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "என்ன மாயம் இது, சம்பந்தி!"

"மாயம் இல்லம்மா. சவுக்காரத்துல இருக்க காரத்த எலுமிச்சையில இருக்க அமிலம் அடிச்சிருது. மஞ்சளு பழைய நிறத்துக்கு வந்துருது. நடுநிலையாக்கல்னு பேரு."

"எங்க வீட்டுப் பிள்ளைக்குப் படிச்ச இடம்தான் அமைஞ்சிருக்கு" என்று அவள் சொன்னாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா மீதித் துணிகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நானும் அப்பாவின் மகள்தான். இரண்டு நாள் கழித்து, பள்ளி விட்டு வந்ததும் எங்கள் கொல்லைத் துவைகல்லின் மேல் நனைத்து வைத்திருந்த துணிகளில் ஒன்றை எடுத்து விரித்தேன். அதில் நீலத் தையல் இல்லை. சவுக்காரம் போட்டிருந்ததால் சிவந்திருந்தது. பாதி எலுமிச்சையைப் பிழிந்தேன். ஓரங்கள் மஞ்சளாயின. நடுவில், பழைய நாலணாக் காசு அளவுக்கு, நிறம் மாறவில்லை. சிவப்பு மட்டும் கொஞ்சம் கறுத்துப் பழுப்பாயிற்று. விரலால் தேய்த்துப் பார்த்தேன். அது மஞ்சளைப் போல விரலில் ஒட்டவில்லை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எத்தனை பழம் பிழிஞ்ச?"

"பாதி மூடி."

"பத்தாது ட்டி. நல்லாக் கேளு. நடுவுல சவுக்காரம் ஊறிக் கெடக்கு. காரம் கூடக் கெடந்தா, நீ விடுத அமிலத்தையெல்லாம் அது தின்னுரும். தின்னது போக மிச்சம் இருந்தாத்தான் நிறம் மாறும். ஓரத்துல காரம் கொறச்சல், அதான் மாறிட்டு. நடுவுக்கு இன்னும் சாறு வேணும்."

"அது பழுப்பா ஆவுதே, அப்பா."

"மஞ்சளும் செவப்பும் கலந்தா பழுப்பாத் தெரியும்."

இப்போது அதைத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரி. பாடப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. பின்னாளில் எத்தனையோ வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறர் எழுதிய வாக்கியங்களைச் சரிபார்த்தவள் நான். எல்லா வாக்கியமும் சரியாக இருந்து செய்தி தவறாக இருப்பதைப் பிறகும் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது அங்கே.

அவருக்கு அன்று ஒரே சந்தோஷம். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் துணியைப் போல ஒரு சதுரம் வரைந்தார். நடுவில் ஒரு வட்டம் போட்டார். "நேத்து ஒரு மாணவி வீட்டுல ஒரு சோதனை செஞ்சா. ஓரம் மாறிட்டு, நடு மாறலை. ஏன்? சொல்லுங்கலே" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காரம் அதிகம், அமிலம் குறைவு என்று முதல் பெஞ்சுப் பையன் சரியாகச் சொன்னான். அப்பா அவனைக் கைதட்டிப் பாராட்டினார். சீனி மிளகாய் சொன்னவன் மட்டும் கையைத் தூக்கினான்.

"சார்வாள், ஒருவேளை நடுவுல இருக்கது மஞ்சளே இல்லையோ என்னவோ?"

"உக்காருலே. மொளகாயாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. வகுப்பு வெகுநேரம் சிரித்தது.

அன்று மாலை அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சோதனை செய்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னாவ?"

"சாறு பத்தலைன்னாவ."

"அப்ப அதான்" என்றாள். பிறகு, "இனிமே என் துணியத் தொடாத ட்டி. கல்யாண வீட்டுல எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்கு வேணும், நீ பாட்டுக்குப் பிழிஞ்சு தீத்திராத" என்றாள். குரலில் கோபம் இல்லை. என் தலையைத் தொட வந்த கை பாதியில் திரும்பிப் போனது. கீரைத் தண்டு ஒன்றை எடுத்தது.

தை பிறந்தது. பந்தல் போட்டார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சந்தனத்தோடு ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்பாசமுத்திரம் சந்தையிலிருந்து கூடை கூடையாகப் பழம் வந்தது. வீடு முழுவதும் அந்த மணம். அம்மா நெடியே இல்லாத அந்த வீட்டில் இருமினாள். "தூசு" என்றாள். அவள் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் தெரிந்தது. "மவ கல்யாணம்னா பெத்தவ உருகத்தான் செய்வா" என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கிண்டலாக, "எங்க வீட்டுல கல்யாணம் வந்தா நான் இளைக்க மாட்டேங்கேனே" என்றாள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நின்றபோது ஆரத்தி கரைத்தவள் அம்மாதான். பித்தளைத் தட்டில் தண்ணீர், மஞ்சள், ஒரு விரல் சுண்ணாம்பு. விரலால் கலக்கியதும் தட்டு சிவந்தது. நான் பக்கத்தில் நின்றேன். "பாத்தியா, உங்கப்பா பாடம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். அந்த ஆறு மாதத்தில் அவள் என்னிடம் நிம்மதியாகச் சிரித்தது அப்போதுதான்.

மாலையில் அக்கா கிளம்பினாள். கார் வாசலில் நின்றது. அக்கா அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிக்கொள்ள வந்தாள். அம்மா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி அவளைத் தடுத்தாள். தோளைப் பிடித்துத் திருப்பினாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "நேரமாவுது, ஏறு" என்றாள். அக்கா திகைத்து நின்றாள். பிறகு காரில் ஏறினாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பெத்தவ ஒரு சொட்டு அழலியே. அது நெஞ்சா, துவைகல்லா?"

அம்மா கார் திரும்பும் வரை நின்றாள். பிறகு கொல்லைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

மறுவீட்டு விருந்து முடிந்து அக்கா தூத்துக்குடிக்குப் போன அன்று, கொல்லைத் துவைகல்லின் பக்கத்தில் அம்மா விழுந்து கிடந்தாள். வாய் சிவந்திருந்தது. வெற்றிலைச் செல்லம் அடுப்படியில் திறக்காமல் இருந்தது.

ஊரில் இருந்த ஒரே டாக்சியில் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் முன் சீட்டில் அவளுடைய பித்தளை டம்ளரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் அவள் தலையைத் தாங்கியிருந்தார். வழி நெடுக, "கல்யாண அலைச்சல், ஒண்ணுமில்ல, கல்யாண அலைச்சல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் இளைஞர். நெஞ்சில் குழாய் வைத்து நிறைய நேரம் கேட்டார். அப்பாவிடம் திரும்பி, "எத்தனை நாளா ரத்தம் வருது?" என்றார்.

"இன்னைக்குத்தான் சார்."

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஆவணியில இருந்து" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். டாக்டர் கேட்டார்: "ஆவணியிலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே. ஊசி மருந்து இருக்கு, மாத்திரை இருக்கு. வீட்டுல யாரும் பாக்கலையா?"

அம்மாதான் பேசினாள். டாக்டரிடம் இல்லை, அப்பாவிடம். "மாப்பிள்ள வீட்டுக்கு இப்ப சொல்லாதீங்க. பிள்ளை அங்கன கொஞ்சம் ஊணிக்கிடட்டும்."

அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கை தன் வேட்டியின் முனையைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. பங்குனியில் இறந்தாள். அக்காவுக்குக் கடைசி வாரத்தில்தான் சொன்னோம். அவள் கணவர் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மதினி" என்று அழுதாள். அவள் அப்படிப்பட்டவள் என்பது எங்களுக்கு முன்பு தெரியாது. அக்காவுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காரில் ஏறிய அந்த மாலையைப் பற்றி மட்டும் யாரும் அவளிடம் பேசுவதில்லை.

அப்பா ஓய்வு பெறும் வரை அதே பாடத்தை எடுத்தார். பின்கட்டில் மஞ்சள் தாள் பிறகு உலரவில்லை. மழையில் கெட்ட லிட்மஸ் தாளை வைத்தே சமாளித்தார். போன மாதம் என் பேத்தி ஏழாம் வகுப்புப் பாடத்தைச் செல்போனில் காட்டினாள். மஞ்சள், சவுக்காரம், எலுமிச்சை, மூன்றுக்கும் வண்ணப் படம் போட்டிருக்கிறார்கள். "வீட்டில் செய்து பார்" என்று கீழே எழுதியிருந்தது. செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். வீட்டில் எலுமிச்சை இல்லை என்று சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்கால பஸ்ஸில் அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க வேண்டும் என்றார். நான் சாப்பிடாமல் தூங்கிவிட்டேன். காலையில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து கொல்லைக்குப் போனேன். துவைகல்லின் மேல் அம்மாவின் வெள்ளைத் துணி ஒன்று ஈரமாக விரிந்திருந்தது. ஓரம் மஞ்சள், நடுவில் பழுப்பு. அதைச் சுற்றிக் கல்லிலும் தரையிலும் பிழிந்த எலுமிச்சை மூடிகள் கிடந்தன. கல்யாணத்தில் மீந்த பழங்களை வைத்திருந்த கூடை பக்கத்தில் இருந்தது. கூடை காலியாக இருந்தது.